கைப்பிடி போடாத வாளி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம்தான், வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், கேட்டதற்கு "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே வரியில் முடிக்காமல் சாப்பாடு, தூக்கம், உன் இருமல் மூன்றையும் தனித்தனியாக எழுது. மாப்பிள்ளை போனில் பேசினார், தங்கமான பிள்ளை, உன் சமையல் எப்படி என்று கேட்டேன், உடனே அங்கே மழை பெய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், எனக்குப் புரிந்துவிட்டது. நீ அனுப்பிய கைக் களிம்பு வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்ததும் துவைப்பறை முழுக்க ஒரே மணம், சமையல்கார மாமா எட்டிப் பார்த்து, "என்னக்கா, எனக்குப் போட்டியா கேக் சுடுறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். சோப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடந்த விரலெல்லாம் இப்போது மூடிக்கொண்டு வருகிறது, ஊசி பிடித்தால் வலிப்பதில்லை. நல்லா இருடி என் தங்கமே, அம்மா கையை நினைத்துப் பார்க்க உனக்கு அவ்வளவு தூரத்தில் நேரம் இருக்கிறதே, அதுவே எனக்குப் போதும்.

போனிலேயே சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது, நான் சொன்னதில் பாதி அந்தப் பாத்திரத்துக்குத்தான் போகிறது. இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். அதோடு உறையைப் பிரித்தவுடன் ஒரு சின்னத் துணி விழுந்திருக்கும், அதை எடுத்துப் பத்திரமாக ஓரமாக வை, துடைக்கிற துணி என்று நினைத்து மேசையைத் துடைத்துவிடாதே. அது என்ன என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முந்திக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, கதைப் புத்தகத்தில் முடிவை முதலில் படிக்கிற புத்தி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நம் பள்ளிச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். துவைப்பறைக்குப் புது பாய்லர் வந்துவிட்டது, யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பெயர் சொல்லவே மாட்டேன் என்கிறாராம். பழையது இருமி இருமித் தண்ணீர் காய்ச்சும், இது பூனை மாதிரி சத்தமே இல்லை, அதனாலேயே எனக்குப் பயம், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இந்த வருஷம் இங்கே படித்து முடித்த பெண்களில் ஒருத்திக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, இன்னொருத்தி மின்சார வேலை கற்றுக்கொள்ளப் போகிறாள், போகிற போக்கில் என் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி இரண்டு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டாள், ஆனால் பெட்டி நன்றாகத்தான் சூடாகிறது. இந்தப் பள்ளியை ஆரம்பித்து நடத்துகிற நம் பெரியம்மா அப்படியே இருக்கிறார். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம், பிள்ளைகள் பேசும்போது போட்டுக்கொள்கிறார், நிர்வாகக் கமிட்டிக்காரர்கள் பேசும்போது கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவர் மட்டும் அன்றைக்கு, "பிள்ளைய நாங்க படிக்க வைக்கிறோம், உனக்குத் துவைக்கத் தெரியுமா" என்று கேட்டிருக்காவிட்டால், உன் அப்பா போன பிறகு நாம் இரண்டு பேரும் எந்தத் தெருவில் நின்றிருப்போமோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோப்புக் கட்டியைக் கூட வீணாக்க மனசு வருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி திறந்த கையோடு ஒரு பெண் வந்தாள். உன் தோள் உயரம் இருப்பாள், கண்ணெல்லாம் வாசலைப் பார்த்தே இருக்கும். அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. அத்தை வீடு, பெரியப்பா வீடு, மாமா வீடு, கடைசியாகச் சித்தப்பா வீடு என்று பந்து மாதிரி கைமாறிக் கைமாறி வந்திருக்கிறாள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவரவர் வீட்டிலும் வாய்கள் நிறைய. வந்த அன்றைக்குத் துணியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது, அலமாரியைக் காட்டினால் அதில் வைக்கமாட்டேன் என்று கட்டில் காலில் அந்தப் பையை இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். ஏன்டி கண்ணு என்று கேட்டால், "நான் இங்க ரொம்ப நாள் இருக்கமாட்டேன்" என்கிறாள். எதைக் கேட்டாலும் அதே பதில். விளையாட வா, ரொம்ப நாள் இருக்கமாட்டேன். பாட்டு கிளாஸில் சேர், ரொம்ப நாள் இருக்கமாட்டேன். பிள்ளைகள் சும்மா இருக்குமா, விருந்தாளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் விருந்தாளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். உனக்குத்தான் தெரியுமே, இங்கே முதல் பருவம் முடிந்ததும் பிள்ளையையும் கூட்டிவந்தவர்களையும் உட்காரவைத்து, இருக்கிறாயா போகிறாயா என்று பெரியம்மா பிள்ளையைத்தான் கேட்பார். பிள்ளை வாயால் இருக்கிறேன் என்று சொன்னால்தான் இடம். எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் அதை மட்டும் அவர் மாற்றவே இல்லை. அதனால் அந்தப் பருவம் முழுக்க எனக்கு ஒரே கவலை, இவள் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அடுத்து எந்த வீட்டுக் கட்டில் காலில் அந்தப் பை தொங்கும் என்று.

துணி விஷயத்தில்தான் அவளுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதல் வாரத்திலேயே துவைப்பறைக்கு வந்து தன் அடையாளத்தைச் சொல்லும் இல்லையா, மீன், நிலா, சாவி, தவளை என்று, நானும் அதை எல்லாத் துணியிலும் மூலையில் நூலால் போட்டுக்கொடுப்பேன். எண் போட்டால் என் வேலை எவ்வளவோ சுலபம், ஆனால் பெரியம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால், "இது என்ன ஜெயிலா" என்று ஒரே போடு. இவளைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்றேன், ஒன்றும் வேண்டாம் என்றாள். பூ போடட்டுமா, வேண்டாம். பறவை, வேண்டாம். அப்படியானால் உன் துணி ஊர்த் துணியோடு சேர்ந்து காணாமல் போகும்டி என்றேன், "நானே துவைச்சுக்குறேன்" என்று போய்விட்டாள். சரி, இரண்டு நாள் துவைத்துப் பார்த்தால் புத்தி வரும் என்று நானும் வீம்புக்கு விட்டுவிட்டேன். அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா, குளியலறையில் குழாய்த் தண்ணீரில் அலசி, கொடியில் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று ஈரத்தோடு மெத்தைக்கு அடியில் விரித்து, காய்ந்தும் காயாததுமாக எடுத்து மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். மழைக்காலம் வேறு. ஒரு நாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள், தொட்டால் உடம்பு இஸ்திரிப் பெட்டியாகக் கொதிக்கிறது. விடுதிப் பொறுப்பாளர் அக்கா அவளை நோயாளி அறையில் படுக்கவைத்துவிட்டு, மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் எல்லாம் பூஞ்சை, அந்தப் பையிலிருந்த துணியும் சேர்த்து மூட்டையாகக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். அத்தனையையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டாயிற்று. அடையாளம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் அதே கதைதான், மெத்தைக்கு அடியில்தான் போகும். ஏதாவது ஒன்றைப் போட்டுவிட வேண்டியதுதான் என்று ஊசியை எடுத்தேன். எதைப் போடுவது, மீன் ஒருத்தியுடையது, நிலா ஒருத்தியுடையது, ஒருத்தி அடையாளத்தை இன்னொருத்திக்கு நானாகப் போடக் கூடாது. கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருப்பது நம் வீட்டுச் சொத்து ஒன்றில்தானே. கை தானாக வாளியைப் போட்டுவிட்டது. ஆமாம், உன் வாளியைத்தான். சட்டை, பாவாடை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் நீல நூலில் வரிசையாக வாளி. போடும்போது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் மறைந்துவிடுகிறது, என்ன செய்ய.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், சரி பிடித்துவிட்டது என்று நானே பெருமையாகத் திரும்பி வந்தேன். மறுநாள் துவைப்பறை வாசலில் வந்து நிற்கிறாள். கையில் ஒரு நூல் உருண்டை, நெல்லிக்காய் அளவு இருக்கும், எல்லாம் நீல நூல். ஒரு வாளி விடாமல் ஒவ்வொன்றையும் பல்லாலேயே பிரித்து எடுத்திருக்கிறாள். அதை என் இஸ்திரி மேசைமேல் வைத்து, "இது என்னுது இல்ல" என்றாள். எனக்கு வந்ததே கோபம், உனக்குத் தெரியாததா என் கோபம். உனக்காக உட்கார்ந்து கண் வலிக்கத் தைத்தேனே, உனக்கு இவ்வளவு திமிரா என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நிதானமாக, "அத்தை வீட்ல அவங்க பொண்ணோட சட்டைய குடுத்தாங்க, நான் போட்டுட்டு வெளிய வந்தா அந்தப் பொண்ணு அழுதுச்சு, கழட்டி வாங்கிட்டாங்க. மாமா வீட்லயும் அப்படித்தான். யாரோடதையோ என் மேல போடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேராகப் பெரியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன், அவர் எனக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "அவளக் கேட்டியா, உன் பொண்ணக் கேட்டியா" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான், காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். என்னையும் கமிட்டிக்காரர்களோடு சேர்த்துவிட்டாரே என்று எனக்கு ஒரே ஆற்றாமை.

அதற்குப் பிறகு நான் அவள் வழிக்கே போகவில்லை. என்னால்தான் போகப்போகிறாள், நான்தான் இருந்த கொஞ்ச ஆசையையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தேன். சித்தப்பா வரும் நாளும் நெருங்கிவிட்டது. அப்போது ஒரு நாள் அவளாகவே வந்தாள். பள்ளி விட்ட நேரம், நான் வெளியே கொடியில் விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து நின்று, "அந்த வாளி யாரோடது" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளோடது என்றேன். நாங்கள் இரண்டு பேரும் இங்கே வரும்போது பெட்டி இல்லை, பை இல்லை, இருக்கிற துணியையெல்லாம் ஒரு தகர வாளிக்குள் திணித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம், பெரியம்மா அடையாளம் என்ன வேணும் என்று கேட்டபோது மற்றப் பிள்ளைகளெல்லாம் பூ கேள், நட்சத்திரம் கேள் என்று சொல்லிக்கொடுத்தார்கள், என் மகள் அந்த வாளியைக் கையால் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை, அன்றையிலிருந்து அவள் பெயரே வாளி ஆகிவிட்டது, பெரிய பெண் ஆன பிறகும் சின்னப் பிள்ளைகள் வாளியக்கா வாளியக்கா என்று பின்னாலேயே ஓடும் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வாளி இப்ப எங்க" என்றாள். என் காலடியிலேதான் இருந்தது, துணி கிளிப்பெல்லாம் அதில்தானே போட்டு வைத்திருக்கிறேன், காலால் தள்ளிக் காட்டினேன். உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதே, அந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு தலையைத் தூக்காமலேயே, "அவங்க குடுப்பாங்களா" என்று கேட்டாள்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைக்க. ஓ, குடுப்பாளே, நான் சொன்னா தட்டமாட்டாளே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். உடனே முகம் இறுகிவிட்டது. "நீங்க சொல்லக் கூடாது. அவங்களாச் சொல்லணும்" என்றாள். சரி, நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன், கொடு என்று நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு இங்கே அடையாளம் எப்படிக் கைமாறும் என்று கேட்டாள். அதையும் சொன்னேன், படிப்பு முடித்துப் போகிற பெண் துவைப்பறைக்கு வந்து, தன் அடையாளம் வேண்டும் என்று நிற்கிற சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் போட்டு வைத்ததில் கடைசித் தையலை மட்டும் தன் கையால் போட்டுக்கொடுப்பாள், அதற்குப் பிறகு பெரியவள் அதைப் புதுத் துணியில் போடக் கூடாது, அது சின்னவளுடையது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. "யாருமே கேக்க முடியாதா" என்று மறுபடியும் கேட்டாள். பெரியம்மாவே வந்தாலும் முடியாது என்றேன்.

சித்தப்பா வந்தார். பாவம், கெட்ட மனுஷன் இல்லை, மளிகைக் கடை வைத்திருக்கிறார், கடையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார், சட்டையில் மாவு ஒட்டியிருந்தது. பெரியம்மா அறையில் அவரும் அவளும் உட்கார்ந்திருக்கிறார்கள், துவைக்கிற அம்மாவையும் கூப்பிடுங்கள் என்று அவளே கேட்டாளாம், ஈரக்கையோடு ஓடினேன். அவர் சொன்னார், "எங்க வீட்டுப் பொண்ணு எதுக்கு அடுத்தவங்க தயவுல இருக்கணும். கடையில கூடமாட நின்னா எனக்கும் ஒத்தாசை, அவளுக்கும் சாப்பாட்டுக்குக் குறையில்ல. படிப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்று. அப்புறமாம் அப்புறம், நம் தெருவில் எத்தனை பெண்களின் படிப்பு அந்த அப்புறத்திலேயே நின்றுபோனது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, பட்டதே போதும். பெரியம்மா அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, இருக்கியா, போறியா" என்றார். என் ஈரக்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிறது, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அவள் சித்தப்பாவைப் பார்த்து, "ஒருத்தங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன் சித்தப்பா. பதில் வரணும். வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, யார்கிட்ட, என்ன பதில் என்று எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவ்வளவு கண்டிப்பான பெரியம்மா, இருக்கிறேன் என்றும் சொல்லாமல் போகிறேன் என்றும் சொல்லாமல் இப்படி ஒரு பதிலை யாரிடமும் ஏற்றுக்கொண்டதே இல்லை, அன்றைக்கு மட்டும், "சரி, பதில் வரட்டும்" என்றுவிட்டார். அடுத்த பருவ விடுமுறையில் மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கிளம்பினார். போகும்போது அவள் தலையில் கைவைத்துவிட்டுத்தான் போனார். அதற்கு நான் மனதார அவருக்கு நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் கத்தரிக்கோல் வேண்டும் என்று வந்தாள். என்னத்துக்கு என்று கேட்பதற்குள், போட்டிருந்த சட்டையின் பாக்கெட்டை ஓரம் ஓரமாக வெட்டி எடுத்துவிட்டாள். நாம் கொடுத்த சட்டை இல்லை, வரும்போது போட்டுக்கொண்டு வந்த அவளுடைய சொந்தச் சட்டை, அவள் அம்மா இருக்கும்போது எடுத்துக்கொடுத்ததாம், முன்பு பெரிதாக இருந்ததாம், இப்போதுதான் அளவு சரியாகியிருக்கிறது. அதை என்னிடம் நீட்டி, "இதுல போடுங்க. கைப்பிடிய மட்டும் விட்டுடுங்க, அத அவங்க போடட்டும்" என்றாள். வெறும் வார்த்தையாக வேண்டாம், போனிலும் வேண்டாம், கையால் போட்டது வேண்டுமாம். உனக்கு இப்போது விளங்கியிருக்கும், ஓரமாக எடுத்து வைக்கச் சொன்ன துணி அதுதான். கட்டம் போட்ட துணி, வெளுத்திருக்கும், பார்த்தால் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். அதில் நான் போட்டிருப்பது பாதி வாளி.

நீ கொடுத்துவிடு என்று நான் எழுதமாட்டேன், அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதோடு எனக்குத் தெரியும், இது உனக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. நீ வேலை கிடைத்துக் கிளம்பின அன்றைக்கு நட்சத்திரத்துக்கும் மீனுக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றன, உன் வாளியை யாரும் கேட்கவில்லை, நீயும், "யாரும் கேக்கலன்னா எனக்கு நல்லதுதான்மா, அது என்கூடவே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு போனாய். நீ கடைசியாக அனுப்பின படத்தில் மாப்பிள்ளை தோசைக்கல்லோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாரே, பின்னால் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது, அதன் மூலையில் வாளி இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. அந்த ஊரில் உன்னை வாளியக்கா என்று கூப்பிட ஒருத்தரும் இல்லை, நீயே உனக்குப் போட்டுக்கொள்கிறாய். அதைப் பார்த்த அன்றைக்கு நான் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு சந்தோஷமாகவும் இருந்தது, என் மகள் எதையும் மறைத்துக்கொள்ளாமல் எங்கிருந்து வந்தோம் என்பதை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாளே என்று. அதனால் கொடுக்க மனசில்லை என்றால் கொடுக்காதே. ஆனால் பாக்கெட்டை மட்டும் திருப்பி அனுப்பி, முடியாது என்று ஒரு வரி நீயே எழுதிவிடு. இல்லை என்பதை அவள் தாங்கிக்கொள்வாள், நிறையக் கேட்டுப் பழகியவள். கொடுத்துவிட்டுப் பிறகு மனசுக்குள் ஏங்குகிற கொடுத்தலைத்தான் அவளால் தாங்க முடியாது. அப்படி ஒன்று நடந்தால் அவள் போய்விடுவாள், இந்தத் தடவை சித்தப்பா வரும்வரைகூட இருக்கமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஆற அமர யோசித்துச் செய், உன் மனசு எப்படியோ அப்படி.

கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். நூல் பாக்கெட்டுக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறேன், அந்த நீலத்தையே போடு. நீ எப்போதும் முடிச்சைப் பெரிதாகப் போட்டு முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், கொஞ்சம் பார்த்துப் போடு, அவள் கண் சாதாரணக் கண் இல்லை, நான் போட்ட பாதியைப் பார்த்துவிட்டே, "அடி கொஞ்சம் கோணலா இருக்கு, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், இருமலுக்கு டாக்டரிடம் போ, கஷாயம் வைத்துக் குடித்தேன் என்று என்னிடம் கதை விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவர் பொறுமைக்குத் தனியாக ஒரு நன்றி. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக, மனசு நிறைந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. நமக்கு ஒரு கூரையைக் கொடுத்தவர்களும் நன்றாக இருக்க வேண்டும், அந்தப் பாய்லர் புண்ணியவானும் சேர்த்துத்தான்.

உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அவள் வந்தாள், அதையும் எழுதிவிடுகிறேன். கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள், எனக்கு எப்படித் தெரியும், தபால்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கையிலிருந்த அந்தக் கட்டம் போட்ட சட்டையைத் துவைக்கிற துணிக் குவியலில், எல்லாருடைய துணியோடும், போட்டாள். வந்ததிலிருந்து அவள் துணி அங்கே விழுவது இதுதான் முதல் தடவை. எனக்கு நம்ப முடியவில்லை, அடையாளம் ஒன்றும் இல்லையேடி, இத்தனை துணியில் இது உன்னுது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்றேன். "பாக்கெட் இல்லாத சட்டை ஒண்ணுதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா,
துவைப்பறையிலிருந்து.